பச்சை காட்டிய பொய்

அடியே,

போனில் பாதியோடு நின்ற வம்பை முழுசாகக் கேட்டாயே, இந்தா. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், "குபர்னெட்டீஸ்தானேக்கா, இமேஜை மாத்தினா முடிஞ்சுது" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வெப் ஆப்பாக இருந்தால் அவன் பேச்சு சரிதான். புது பாட் ஏறும், பழசு இறங்கும், ஒருத்தருக்கும் தெரியாது. எங்களுடையதோ ஃபிளிங்க் ஜாப். காஃப்காவில் கார்டு பரிவர்த்தனைகள் வந்துகொண்டே இருக்கும். எந்தக் கார்டு ஒரு மாசமாக எங்கே, எவ்வளவு செலவழிக்கிறது என்பதை அது ஞாபகத்தில் வைத்திருக்கும்; வழக்கம் மாறினால் எச்சரிக்கை அனுப்பும். 'ஸ்டேட்' எனப்படும் அந்த ஞாபகத்தை சேவ்பாயின்ட்டாக எழுதி வைத்துவிட்டுத்தான் பழசை நிறுத்த வேண்டும். புதுசு அதைப் படித்துக்கொண்டு எழும்.

நம்மாள் நடுவில் ஒரு ஃபில்டரைச் சொருகினான். ஒவ்வொரு படிக்கும் நாமே ஒரு யுஐடி வைக்காவிட்டால், ஜாப்பின் அமைப்பைப் பார்த்து ஃபிளிங்க்கே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். நடுவில் ஒன்று நுழைந்ததும் அதெல்லாம் மாறிவிட்டது. "இந்த ஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை" என்று ஜாப் எழ மறுத்தது. ராத்திரி பதினோரு மணி. 'அலோ நான்-ரீஸ்டோர்ட் ஸ்டேட்' என்று ஒரு ஃபிளாக் உண்டு, பொருந்தாததை விட்டுவிட்டுக் கிளம்பு என்பதற்கு. அதைப் போட்டான். டாஷ்போர்டு பச்சை! மேனேஜர் குரூப்பில் கைதட்டல் பொம்மை வேறு.

ஞாபகம் போய்விட்டதால் காலையில் பத்து வருஷ வாடிக்கையாளர்கூட அதற்குப் புது ஆள். எச்சரிக்கை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நல்லவேளை, சேவ்பாயின்ட் பத்திரமாக இருந்தது. எங்கள் சீனியரம்மா பழைய லாக்கைத் துழாவி, ஃபிளிங்க் முன்பு வைத்திருந்த அடையாளங்களை எடுத்து, கோடில் அப்படியே ஒட்டி, முந்தின இரவு விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டார். இரவு வந்ததெல்லாம் மறுபடி ஓடியதால் சில எச்சரிக்கைகள் இரண்டு தடவை போயின. அது பரவாயில்லை. அந்த ஃபிளாக்கைத் தொட இப்போது இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்; என்னைக் கேட்டால் எப்போதோ செய்திருக்க வேண்டியது.

இன்னொரு வம்பு, இது பெரிய இடத்து வம்பு. ஓடுகிற ஜாப்பை நிறுத்தாமலே ஃபிளிங்க் அதன் ஞாபகத்தைப் படம் பிடிக்கிறதே, அந்த வித்தைக்கு மூலம் சாண்டி–லாம்போர்ட் அல்காரிதம். சாண்டி யார் தெரியுமா? நம்ம கிண்டி ஐஐடியில் 1965-ல் பி.டெக் முடித்த மணி சாண்டி! ஆஸ்டினில் ஒரு ராத்திரி விருந்தில் அவர் லாம்போர்ட்டிடம் இந்தப் புதிரைப் போட்டாராம். குடித்திருந்த ஒயினில் இருவருக்கும் யோசனை ஓடவில்லை. மறுநாள் காலை குளிக்கும்போது லாம்போர்ட்டுக்கு விடை வந்தது. சாண்டியின் அறைக்கு ஓடினால், அவரும் அதே விடையோடு காத்திருந்தாராம். லாம்போர்ட்டே எழுதி வைத்திருக்கிறார். 1985-ல் கட்டுரை வந்தது. வானம் முழுக்கப் பறக்கும் வலசைப் பறவைகளை ஒரே படத்தில் பிடிக்க முடியாது, பல படங்களைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று அதில் ஓர் உவமை. பறவைகள் வந்திறங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அடுத்த தலைவலி ஃபிளிங்க் 2.0. 2025 மார்ச்சில் வந்தது. பழைய 1.x சேவ்பாயின்ட்டை அது ஏற்கும் என்று உத்தரவாதம் கிடையாது. மேனேஜரோ, "நம்பர்தானேம்மா மாறுது" என்கிறார். பையன் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை.

உன் செல்லம்