இன்ஸ்டால் எண்ணிக்கை எதுக்குச் சாட்சி?

விஎஸ் கோடு எடிட்டர்ல எக்ஸ்டென்ஷன் தேடுறப்ப கண்ணு முதல்ல போறது இன்ஸ்டால் எண்ணிக்கைக்குத்தான். எத்தனை பேர் போட்டாங்கன்னு அது சொல்லும். இன்னிக்கும் தேவையான்னு சொல்லாது. அடைப்புக்குறிகளை ஜோடி ஜோடியா நிறம் பிரிச்சுக் காட்டுற பிராக்கெட் பேர் கலரைசரையே எடுத்துக்குங்க. பல லட்சம் பேர் போட்டது. 2021 ஆகஸ்ட் பதிப்புல அந்த வசதி எடிட்டருக்குள்ளயே வந்துடுச்சு, அதுவும் பெரிய ஃபைல்ல பல மடங்கு வேகமா. அப்ப முதல்ல தேட வேண்டிய இடம் செட்டிங்ஸ்தானே?

"கூடுதலா ஒண்ணு கிடந்தா என்ன நஷ்டம்?"னு கேக்கலாம். எக்ஸ்டென்ஷனுக்குன்னு தனி வேலி கிடையாது. எடிட்டர் தொடக்கூடிய எந்த ஃபைலையும் அதுவும் தொடும். வெளியீட்டாளர் பேர் பக்கத்துல நீல டிக் இருக்கேன்னா, அது டொமைன் வெளியீட்டாளரோடதுதான், ஆறு மாசமாவது பேர் கெடாம இருக்கார்ங்கற அளவுதான். கோடை வரிவரியா படிச்சதுக்குச் சான்று இல்ல. எல்லாத்தையும் நாமளே படிக்க முடியாதுங்கறது நியாயம்தான். அதனாலதான் குறைச்சலா போடணும்ங்கறேன். கடைசி அப்டேட் தேதி, பதிலில்லாம கிடக்குற இஷ்யூக்கள், ரெண்டையும் பார்க்க அதிக நேரம் ஆகாது. (தீம்னா மட்டும் நாம எதையும் பார்க்க மாட்டோம், அழகா இருந்தா போதும்!)

உங்க எடிட்டர்ல இப்ப எத்தனை சும்மா தூங்குது?