பிழையும் ஏச்சும்

சென்ற வாரம் என் பழைய மாணவனொருவன் வீடு தேடி வந்தான். இன்று அவன் உள்ளகப் பயிற்சி வைத்தியன். நோயாளி ஒருவருக்கு மருந்தின் அளவைப் பிழையாக எழுதியதையும், தாதி கண்டு திருத்தியதையும் சொன்னான்.

"பெரிய டொக்டரிடம் சொன்னாயா?" என்றேன்.

"ஏச்சு விழும், சேர்."

வியன்னாப் பொது வைத்தியசாலை என் நினைவுக்கு வந்தது. அங்கே மருத்துவ மாணவர் பயின்ற பிரசவப் பிரிவில், 1846ஆம் ஆண்டு, நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். மருத்துவிச்சிகள் பயின்ற பிரிவிலோ 3 பேர்கூட இல்லை. மாண்டோர் பெரும்பாலும் ஏழைகள். பிணம் அறுத்த கைகளே நஞ்சைக் கொணர்ந்தன என்று 1847இல் வைத்தியர் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் நீரில் கைகழுவச் செய்ததும் சாவு சரிந்தது. அக்கைகளுள் தம் கைகளும் அடங்கும் என்பதை 1861இல் தமது நூலில் அவரே ஒப்புக்கொண்டார். ஒப்ப மறுத்த பேராசிரியர்கள் பலர். அவர்களது மானம் காக்கப்பட்டது, தாய்மார் காக்கப்படவில்லை.

என் மாணவன் ஏச்சுக்கு அஞ்சக் கற்றது எங்கே? பத்தாண்டுகளுக்கு முன், அவனது கட்டுரைப் பிழைகளை வகுப்பே சிரிக்கும்படி உரக்க வாசித்தவன் நான். அன்று அவன் கொப்பியை மறைக்கப் பழகினான்.

"நாளைக்கே போய்ச் சொல்லிவிடு, அடுத்தவன் அதே பிழையைச் செய்யாதிருப்பான்" என்றேன். பின்னர், என் பிழையை அவனிடம் சொன்னேன்.