உப்பு எங்கே போகிறது?

உப்பு நமக்குப் புதிய பொருள் அன்று. நெல்லுக்கு உப்பை மாற்றி, வண்டி வண்டியாக ஊர்தோறும் சென்ற உமணரைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளங்களோ தென்மாவட்ட மக்கள் அனைவரும் அறிந்தவை. சோற்றுக்குச் சுவை, ஊறுகாய்க்குக் காவல் என்றே நாம் உப்பை அறிவோம். அதனைச் சாலையில் கொட்டிப் பனிக்கட்டியை உருக்கும் நாடுகளும் உண்டென்பதைக் கனடாவின் டொராண்டோ நகரில் வாழும் என் தம்பி சொல்லித்தான் அறிந்தேன்.

ஒரு குளிர்காலக் காலையில் வாசற்படியில் உறைந்திருந்த பனிக்கட்டியில் அவன் மாமியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்று முதல் அவன் வீட்டுக் கதவோரம் உப்பு மூட்டை ஒன்று நிலையாக இடம்பெற்றுவிட்டது.

உப்பு சூடான பொருள் அன்றே, பனிக்கட்டியை எவ்வாறு உருக்கும்? தூய நீர் சுழியப் பாகையில் உறைகிறது. உப்பு கலந்த நீர் உறைவதற்கு அதனினும் மிகுந்த குளிர் வேண்டும். பனிக்கட்டியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் உப்புக் கரைந்ததும், அந்நீர் மீண்டும் உறைய இயலாமற்போகிறது. பனிக்கட்டி மேன்மேலும் உருகுகிறது. நம்மூரில் குல்பி விற்பவரும் இதே உண்மையைத்தான் கையாளுகிறார். பனிக்கட்டி மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு என்று கலந்தால், உருகும் பனிக்கட்டி தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். அதனுள் புதைத்த குழலில் இருக்கும் பால் உறைந்துவிடும். அங்கே பாதையைத் திறக்கும் உப்பே இங்கே பாலை உறைய வைக்கிறது!

எல்லா உப்பும் ஒன்றல்ல. நாம் உண்ணும் சோடியம் குளோரைடு விலை மலிவு. ஆயினும் சுழியத்திற்குக் கீழ் 9 பாகை செல்சியசைத் தாண்டிக் குளிர் முற்றினால் அதன் வேகம் தளர்ந்துவிடும். கால்சியம் குளோரைடு கரையும்போதே வெப்பத்தை வெளியிடும், சுழியத்திற்குக் கீழ் 25 பாகையிலும் பயன்படும், விலையோ மிகுதி. மக்னீசியம் குளோரைடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மணல் எதையும் உருக்காது. காலுக்குப் பிடிமானம் மட்டும் தரும்.

சென்ற முறை விடுமுறையில் வந்த தம்பியுடன் அய்யனார் கோவிலுக்குச் சென்றிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி வரும் அந்த ஆறுதான் இராஜபாளையம் நகருக்குக் குடிநீர் தருகிறது. பாறைமேல் அமர்ந்து தண்ணீரைக் கையில் அள்ளிய தம்பி, சற்று நேரம் பேசாதிருந்தான்.

"அக்கா, பனி உருகிப் போகிறது. உப்பு எங்கே போகிறது?" என்று கேட்டான்.

நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவனே விடையும் கூறினான். சாலையில் இட்ட உப்பு வடிகாலில் இறங்கி, ஓடைகளைச் சேர்ந்து, ஒண்டாரியோ ஏரியை அடைகிறது. அந்நகரம் குடிப்பதும் அவ்வேரி நீரைத்தான். சாலை உப்பு இயற்கைச் சூழலுக்குக் கேடு தருவது என்று கனடா அரசின் ஆய்வறிக்கை 2001ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. நீர்வாழ் உயிர்களின் நலத்திற்காக அங்கு வகுத்துள்ள நீண்டகால வரம்பு, லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. கணக்கிட்டுப் பார்த்தேன்: 6 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டி உப்பே 30 லிட்டர் தூய நீரை அவ்வரம்புக்குக் கொண்டு சேர்த்துவிடும்!

"அப்படியானால் உப்பே போடாமல் இருந்துவிடலாமே?" என்றேன்.

"அத்தை மறுபடியும் விழுந்தால்?" என்றான் தம்பி. "அவர்கள் நடக்கவும் வேண்டும், ஏரி பிழைக்கவும் வேண்டும். அதனால் முதலில் பனியை மண்வாரியால் வழித்துவிடுகிறேன். பிறகு எஞ்சியதற்கு மட்டும் ஒரு குவளையால் அளந்து தூவுகிறேன். கடுங்குளிர் நாளில் உப்பைக் கொட்டாமல் மணலை இடுகிறேன்."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றனர் நம் முன்னோர். நாம் இட்ட உப்பைத் தண்ணீரும் மறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமற் கரைந்துபோனது இல்லாமற் போய்விட்டதாகாது. இவ்வுண்மையை உணர்ந்தவன் கை, தானாகவே அளவறிந்து இடும்.