படிக்காசு பெற்ற திருவீழிமிழலை

திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்திற்கு மேற்கே, வயல்கள் சூழ அமைந்த தலம் திருவீழிமிழலை. மூலவர் வீழிநாதர், அம்பிகை சுந்தரகுசாம்பிகை. இறைவனின் திருமணக் கோலம் விளங்கும் தலமாதலால் மணப்பேறு வேண்டி வருவோர் மிகுதி. மணம் முடிந்து குடும்பம் நடத்துவோர் இங்கே நினைக்கத்தக்கதோ, பெரியபுராணம் கூறும் பஞ்ச கால வரலாறு.

7-ஆம் நூற்றாண்டு. முதியவரான அப்பரும் இளையவரான சம்பந்தரும் இத்தலத்தில் தங்கியிருந்தபோது மழை பொய்த்தது. அடியார் பசி கண்டு இருவரும் வருந்தினர். இறைவன் கனவில் தோன்றி, நாள்தோறும் ஆளுக்கொரு காசு அருளினார். சம்பந்தருக்குக் கிழக்குப் பீடத்தில், அப்பருக்கு மேற்குப் பீடத்தில். இரு மடங்களிலும் உலை கொதித்தது.

ஆயினும் அப்பர் மடத்தில் உரிய வேளைக்கு அமுது; சம்பந்தர் மடத்தில் நாள்தோறும் தாமதம். சம்பந்தர் சமைப்போரைக் கடிந்துகொள்ளவில்லை, காரணம் வினவினார். அவர் காசுக்கு வணிகர் வட்டம் கேட்பதாகவும், அப்பர் காசை அப்படியே ஏற்பதாகவும் கூறினர். ஒரே இறைவன் தந்த காசிலும் ஏற்றத்தாழ்வு! இன்றைய வீடுகளில் தட்டுப்பாடு வரும்போது, யார் கொணர்ந்தது உயர்ந்தது என்னும் இக்கணக்கில்தானே மனம் முறிகிறது?

சம்பந்தர் மனம் கோணவில்லை. உழவாரம் ஏந்திய முதியவரின் கைத்தொண்டே அக்காசின் உயர்வுக்குக் காரணம் எனத் தெளிந்தார். தம் குறையை இறைவனிடமே திருவிருக்குக்குறளாகப் பாடினார். அதன்பின் அவருக்கும் வாசியில்லாக் காசு கிடைத்தது. அவர் மடத்திலும் வேளை தவறாமல் பந்தி நடந்தது.

மழை பெய்து நிலம் செழித்தது. இருவரும் சேர்ந்தே திருமறைக்காட்டிற்குப் பயணமாயினர்.