சும்மா உட்கார ஓர் இடம்

எங்கள் எஸ்டேட் பெண்கள் ஊட்டிக்கு வருவது மூன்று காரியங்களுக்காக: ஆஸ்பத்திரி, மார்க்கெட், ஏதாவதொரு அரசு அலுவலகம். வேலை முடிந்து அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தாலும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். ஆண்கள் டீக்கடையில் உட்காருவார்கள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கதை பேசுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பெண் சும்மா உட்கார்ந்தால் போதும், போகிறவர் வருகிறவர் பார்வையெல்லாம் கேள்வியாகிவிடும்.

‘நீலகிரியில் பச்சைக்கா பஞ்சம்?’ என்று கல்லூரித் தோழிகள் சிரிப்பார்கள். தேயிலைக் காடு பச்சைதான். ஆனால் அங்கே உட்கார்ந்தால் மேஸ்திரி கேட்பார். மாலையில் கொழுந்தை எடை போடும்போது தராசு கேட்கும். ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-லும் குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-லும் தொடங்கியவை. இரண்டும் அழகானவை, இரண்டுக்கும் டிக்கெட் உண்டு. பஸ்ஸுக்கும் மருந்துக்கும் எண்ணி எடுத்துவந்த காசில் பூ பார்க்க யார் போவார்கள்? “பூவெல்லாம் வேணாம் புள்ள, காலை நீட்டி உக்கார ஒரு இடம் இருந்தா போதும்” என்பார் அம்மா.

அப்படி ஓர் இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: ரேஸ் கோர்ஸ். 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி அன்று மார்க்கெட் பக்கம்வரை நீண்டிருந்தது. அது சுருங்கிய இடத்தில்தான் பஸ் ஸ்டாண்டும் பந்தய மைதானமும் வந்தன. கோடையில் சில வாரங்கள் குதிரை ஓடுவதற்காக ஊரின் நடுவிலிருந்த புல்வெளிக்கு ஆண்டு முழுவதும் வேலி. 2024 ஜூலையில் 52 ஏக்கருக்கு மேலான அந்த நிலத்தை அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடமிருந்து எடுத்துக்கொண்டது. குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்றது அரசு. கிளப் நீதிமன்றத்துக்குப் போனது. சூழல் பூங்கா அமைக்க நிலம் தோட்டக்கலைத் துறையிடம் தரப்பட்டது.

கிளப்பிடமிருந்து நிலம் மீண்டதாலேயே அது பொதுவெளி ஆகிவிடாது. சீசனில் கார் நிறுத்த இடமில்லை என்ற குரல் எப்போதும் உண்டு. 2024 மே முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு நெரிசல். பார்க்கிங், உணவகம், சாகச விளையாட்டு என்று சிமென்ட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். அது தாழ்வான ஈரநிலம். மழைநீர் தேங்கி இறங்க வேண்டிய மண்ணை மூடினால் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும்.

‘ஒய் லாய்டர்?’ (2011) என்ற புத்தகத்தில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி எழுதினார்கள். பொதுவெளிக்கு வரும் பெண் தனக்கு அங்கே வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணமின்றி இருப்பதும் உரிமைதான் என்பது அவர்கள் வாதம். படித்தபோது எனக்கு மும்பை தெரியவில்லை. பையை இறுக்கிப் பிடித்து நிற்கும் எங்கள் பெண்கள்தான் தெரிந்தார்கள்.

சீசனுக்கு எத்தனை கார் வரும் என்று கணக்கெடுக்கிறார்கள். நிற்கிற பெண்களை யாரும் எண்ணுவதில்லை. ஆகவே எந்தப் பூங்காவின் வரைபடத்தையும் இனி இப்படித்தான் பார்ப்பேன்: பெஞ்சுகள் எங்கே, தண்ணீர் வரும் கழிப்பறை எங்கே, இருட்டிய பின் விளக்கு எங்கே, டிக்கெட் கவுண்டர் எங்கே. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால்தான் அது எங்கள் பூங்கா.