வேளை தவறிய மணி

எங்கள் கடற்கரை ஊர்களில் ஆலய மணி என்பது நேரம் காட்டும் கருவி மட்டுமன்று. அது ஊரின் குரல். காலை, நண்பகல், மாலை என மூவேளையும் அது ஒலிக்கையில், கேட்டும் கேளாதவர் போல மக்கள் தங்கள் வேலையைத் தொடர்வர். வேளையல்லாத வேளையில் ஒலித்தாலோ, வலையைச் சீர்செய்யும் கை அப்படியே நின்றுவிடும். இறப்பு, தீ, கடலில் ஆபத்து ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்துள்ளது என்பதே அதன் பொருள்.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, இரண்டே கால் மணிக்கு, யாரும் தொடாமலே எங்கள் பங்கின் மணி ஒலித்தது. நான் எழுந்தோடி மின்னிணைப்பைத் துண்டிப்பதற்குள் பன்னிரண்டு அடிகளும் முடிந்துவிட்டன. வீடுதோறும் விளக்குகள் எரிந்தன. ஒரு தாய் மட்டும் ஆலயத்தை நோக்கி வராமல் கடலை நோக்கி ஓடினார். 2017 நவம்பர் 30 அன்று எங்கள் கரையைத் தாக்கிய ஒக்கி புயலில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர் அவர். இளைய மகன் அன்றிரவு கடலில் இருந்தான். பின்தொடர்ந்து சென்று, “ஒன்றுமில்லை அம்மா, இயந்திரக் கோளாறு” என்றேன். “ஒண்ணுமில்லையின்னா மணி ஏன் சாமி அடிச்சுது?” என்று கேட்டார். விடியற்காலையில் மகன் கரை சேரும்வரை அவர் மணலைவிட்டு எழவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையே இக்கட்டுரை.

முதுமையெய்திய எங்கள் கோவிற்பிள்ளையால் நாள்தோறும் மும்முறை கயிறு இழுக்க இயலவில்லை. பாலிடெக்னிக்கில் பயின்ற பங்கு இளைஞன் ஒருவன் தானியங்கி அமைப்பு ஒன்றைச் செய்து தந்தான். அதன் மூளை, ஆர்டுயினோ ஊனோ என்னும் உள்ளங்கையளவு மின்னணுப் பலகை. 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் கல்லாத வடிவமைப்பு மாணவரும் கையாளத்தக்கதாகத் தோன்றிய பலகைக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஒரு கடிகாரச் சில்லு நேரத்தைச் சொல்ல, பலகை ரிலேயை இயக்க, மோட்டார் சுத்தியலை அசைக்கும். அவசர வேளையில் கையால் அடிக்க ஒரு பொத்தானும் உண்டு. ஒரு மாதம் எக்குறையுமின்றி அது பணியாற்றியது.

மறுநாள் காலை, திருப்பலி முடிந்து மக்கள் கலையுமுன், அவர்கள் முன்னிலையிலேயே அந்த இளைஞனைக் கடிந்துகொண்டேன். “அரைகுறை வேலை” என்ற சொல்லையும் சொன்னேன். அவன் மறுமொழி கூறாமல் தலைகுனிந்து சென்றான். அதன்பின் இரண்டு நாள் வரவில்லை.

குருமடம் புகுமுன் வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த பழக்கம் எனக்கு உண்டு. அந்தத் துணிவில் பலகையை மேசைமீது வைத்து ஆராயத் தொடங்கினேன். முதலில் கடிகாரத்தை ஐயுற்றேன். அது நொடி பிசகாமல் ஓடியது. அடுத்து அவன் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்தேன்; இரண்டே கால் மணிக்கு ஒலிக்கச் சொல்லும் கட்டளை எங்குமில்லை. பொத்தான் அழுத்தப்பட்டதாகப் பலகை ஒருமுறை உணர்ந்தாலும் பன்னிரண்டு அடி அடிக்கும் என்பது மட்டும் தெரிந்தது. எனவே மணிக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றிவிட்டு, பொத்தான் நிலையைக் காட்டுமாறு ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை அமைத்துக் காத்திருந்தேன்.

பொத்தானை யாரும் தொடவில்லை. விளக்கோ விட்டுவிட்டு மினுக்கியது. கம்பியைக் கையால் பற்றினால் துடித்தது. அறையின் குளிர்பதனப் பெட்டி இயங்கத் தொடங்கிய கணத்தில் மீண்டும் துடித்தது. அளந்து பார்ப்போம் என்று மீட்டரின் முனைகளை வைத்தேன், துடிப்பு நின்றது. எடுத்தேன், மறுபடி துடித்தது. மீட்டரினூடே ஓடும் மிகச் சிறிய மின்னோட்டமே அந்த முனைக்கு ஒரு பிடிப்பைத் தந்திருந்தது. அங்கேதான் உண்மை விளங்கியது.

இந்தப் பலகையின் உள்ளீட்டு முனை, ஒன்றரை வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் ‘இல்லை’ என்றும், மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ‘ஆம்’ என்றும் உறுதியாகக் கொள்ளும். பொத்தானை அழுத்தினால் ஐந்து வோல்ட் வந்து சேரும், அது ‘ஆம்’. கையை எடுத்தால்? பூச்சியத்துக்கு இறங்கும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அதை இறக்குவதற்கு எதுவும் இணைக்கப்படவில்லை. எதனோடும் சேராத அந்த முனை அந்தரத்தில் மிதக்கிறது. அருகே செல்லும் வீட்டு மின்சாரத்தின் அதிர்வுகளையெல்லாம் ஏற்று, அவற்றுள் ஒன்றை ‘ஆம்’ என்று கொள்கிறது. வெளியே ஒலித்தது மணி. பிழை இருந்தது உள்ளே வந்த செய்தியில்.

தீமை என்பது தனியொரு பொருளன்று, இருக்கவேண்டிய நன்மையின் இல்லாமையே எனப் புனித அகுஸ்தினார் கற்பித்ததைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தேன். அன்று மேசைமீது அதைக் கண்டேன். பலகையில் கெட்டுப்போனது எதுவுமில்லை. ஓர் இணைப்பு இல்லை, அவ்வளவே. “ஒன்றுமில்லை” என்று அந்தத் தாயிடம் நான் சொன்னது உண்மைதான். ஒன்று இல்லாததால்தான் மணி அடித்தது.

ஆனால் ஒரு மாதம் ஒழுங்காக இயங்கியது எப்படி? இந்தக் கேள்வி என்னையே சுட்டியது. இளைஞன் பொத்தானைப் பலகையின் அருகில், ஒரு சாண் கம்பியில் வைத்திருந்தான். அது என் அறையில் இருக்கட்டும் என்று, அவனைக் கேளாமலே, பன்னிரண்டு மீட்டர் கம்பியை இணைத்து, வீட்டு மின்கம்பி செல்லும் குழாய் வழியாகவே இழுத்தவன் நான். நான் நீட்டிய கம்பி வானொலியின் ஏரியல் போலாயிற்று. நீட்டிய அன்றிரவே மணி ஒலித்தது.

அவன் வீட்டுக்குச் சென்றேன். கண்டதைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்து, “ரெசிஸ்டர் போடாதது என் தப்புதான் ஃபாதர்” என்றான். “கம்பியை நீட்டியது என் தப்பு தம்பி; ஊரார் முன் உன்னைப் பேசியது அதைவிடப் பெரிய தப்பு” என்றேன். இருவரும் சேர்ந்து அந்த முனைக்கும் தரையிணைப்புக்கும் இடையே பத்தாயிரம் ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தோம். அதன் விலை ஓரிரு ரூபாய். பொத்தானை அழுத்தினால் அரை மில்லியாம்பியர் மின்னோட்டமே அதில் செல்லும்; அழுத்தாதபோதோ அது முனையைப் பூச்சியத்தில் அமர்த்தி வைக்கும். கம்பியை மின்குழாயிலிருந்து விலக்கினோம். ஐம்பது மில்லிநொடி இடைவிடாமல் ‘ஆம்’ என்றிருந்தால் மட்டுமே நம்பும்படி நிரலைத் திருத்தினான். குளிர்பதனப் பெட்டி இயங்கியது, விளக்கு அசையவில்லை.

அடுத்த ஞாயிறு, அவனைக் கடிந்துகொண்ட அதே மக்கள் முன், பிழை யாருடையது என்பதைச் சொன்னேன். கருவியைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. சொல்லைத் திருத்த மேலும் சில நாள்கள் ஆயின.

அந்தத் தாயின் உள்ளம் அமைதியுற அதைவிட அதிக காலம் பிடித்தது. முதற்சில வாரங்கள், மாலை ஆறு மணிக்கு மணி ஒலித்தபோதெல்லாம் அவர் வாசலுக்கு வந்து கடலைப் பார்ப்பதைக் கண்டேன். இப்போது மணி ஒலிக்கிறது. அவர் தலைநிமிராமல் மீனை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.