காயா... பழமா?

குழந்தைகள் என்றால் வெள்ளை மனசு, கள்ளம் கபடம் தெரியாது என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். சொல்கிறவர் வீட்டில் குழந்தைகள் இல்லை என்று அர்த்தம்! இரண்டு வாண்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு கடலைமிட்டாயை வைத்துப் பாருங்கள். கிள்ளும், அடிக்கும், 'உன்கூட காய்!' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால், அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். 'பழம்' விட்டு, இரண்டும் ஒரே பம்பரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இயேசு குழந்தையைக் காட்டியதன் ரகசியம் இந்தப் 'பழ'த்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கப்பர்நகூமுக்கு வரும் வழியெல்லாம் சீஷர்களுக்குள் ஒரு தகராறு. நம்மில் யார் பெரியவன்? வீட்டுக்கு வந்ததும் இயேசு விசாரித்தால், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். மாற்கு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்துச் சமூகத்தில் குழந்தைக்கு ஒரு அந்தஸ்தும் கிடையாது. காப்பாற்ற வேண்டிய கௌரவம் இல்லை. அதனால் முதலில் போய்ப் 'பழம்' விட அதற்குத் தயக்கமே இல்லை. கஷ்டம் நமக்குத்தான்!

எவ்வளவு கஷ்டம் தெரியுமா? 1919-இல் தரங்கம்பாடியில் சில சபை ஊழியர்கள் கூடி, தென்னிந்தியாவில் தனித்தனியாக இருக்கும் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று பேச்சை ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912-இலேயே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். எல்லோருக்கும் ஒரே வேதம், ஒரே ஆண்டவர். ஆனால் பிஷப் வேண்டுமா, யார் கைவைத்து அபிஷேகம் பண்ணினால் குருப்பட்டம் செல்லும் என்பதில் சிக்கல். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27-இல். பெரியவர்கள் 'பழம்' விட 28 வருஷம்! அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945-இலேயே காலமாகிவிட்டார்.

அந்தத் திருச்சபை ஆராதனையில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. நற்கருணைக்கு முன்னால் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) சமாதானம் கூறித் தொடங்கி வைப்பார். ஒருவர் கையை ஒருவர் பற்றி, அது பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரை போகும்.

எங்கள் சபையில் இரண்டு பெரியவர்கள். சின்ன வயசில் ஒன்றாகக் குளத்தில் குதித்தவர்கள். பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்று, பேச்சு நின்றுபோனது. ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? பதினோரு வருஷம்! ஒருவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் இடப்பக்கம். சமாதானம் தப்பித்தவறிக்கூடத் தங்கள் கை வழியாகப் போய்விடக் கூடாதே! சமாதானம் பண்ணி வைக்க மூன்று ஐயர்மார் முயன்று பார்த்தார்கள். நடக்கவில்லை.

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மறுநாள் அசனம். ஊரே தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் ஒரே பந்தி. ஒரு பெரியவர் கறிக்குழம்பு வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தார். மற்றவர் பந்தியில், பக்கத்தில் ஆறு வயசுப் பேரன். வாளி வந்தது. பேரன் இலையில் குழம்பு விழுந்தது. தாத்தா இலையைத் தாண்டி வாளி நகர்ந்துவிட்டது.

பையன் சத்தமாகக் கேட்டான்: "ஏன் தாத்தா, அந்தத் தாத்தா உங்களுக்கு மட்டும் ஊத்தாமப் போறாரு? நீங்க ரெண்டு பேரும் காயா?"

பந்தி முழுக்கக் கை அப்படியே நின்றது. யாரோ ஒரு அம்மா களுக்கென்று சிரித்துவிட்டார். வாளிக்காரருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இரண்டு அடி பின்னால் வந்தார். ஒரு கரண்டி ஊற்றினார். இன்னொரு கரண்டி. மூன்றாவது கரண்டிக்கு வாளிக்குள் கையை விட்டபோது இலைக்காரர் குனிந்தபடியே சொன்னார்:

"போதும்டே..."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை!

"கறித்துண்டே விழலியேடே..." என்று மூன்றாவது கரண்டியும் விழுந்தது. குழம்பு இலையைத் தாண்டி ஓடியதை இரண்டு பேரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்போதும் அவர்கள் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. பழகிய இடத்தை விட மனசு வராது போலிருக்கிறது. ஆனால் சமாதானம் கூறும் நேரத்தில் இரண்டு பேரும் எழுந்து, கோயிலின் நடுப்பாதைக்கு வந்துவிடுகிறார்கள். யார் முதலில் வந்து சேர்கிறார் என்பதில்தான் இப்போது போட்டி!